போதுமான தெளிவு: குழந்தைகளின் சி.டி. ஸ்கேனும் கதிரளவும்

மலேசியாவின் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வாழும் ஒரு குழந்தைக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், அதன் உடலில் எவ்வளவு கதிர்வீச்சு படும் என்பது ஸ்கேன் அறைக்குள் மட்டும் முடிவாகிற காரியமன்று. சுகாதாரக் கிளினிக்கில் குழந்தையை முதலில் பார்க்கும் மருத்துவ உதவியாளர் (பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரின் இடத்துக்கு வந்தவர்) எழுதும் குறிப்பு, தஞ்சோங் காராங் மாவட்ட மருத்துவமனையின் மருத்துவர் எழுப்பும் ஐயம், கிள்ளானிலோ சுங்கை பூலோவிலோ உள்ள பெரிய மருத்துவமனையில் அந்த ஐயத்தைப் படித்துப் பார்த்து இயந்திரத்துக்குக் கட்டளையிடும் ரேடியோகிராபரின் தேர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. படம் எவ்வளவு தெளிவாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு, எதைப் பார்ப்பதற்காக அது எடுக்கப்படுகிறது என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. இயந்திரத்தைப் பற்றிய எல்லா விளக்கங்களும் கடைசியில் இந்த இடத்துக்கே வந்து நிற்கின்றன.

சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ்ரே கதிரை உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து பாய்ச்சி, உடலைக் கடந்து மறுபுறம் வந்து சேரும் கதிரை அளந்து, அந்த அளவுகளைக் கணினியில் கோத்து உடலின் குறுக்குவெட்டுப் படங்களை வரையும் முறையாகும். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் பொறியாளர் உருவாக்கிய இயந்திரத்தில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், அதன் கணிதத்தைத் தனியாகக் கண்டிருந்த ஆலன் கோர்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதல் படத்துக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இயந்திரம் வேகமும் கூர்மையும் பெற்று வளர்ந்ததே தவிர, அதன் அமைப்புகள் பெரியவர்களின் உடலை மனத்தில் வைத்தே செய்யப்பட்டன. 2001 பிப்ரவரியில் அமெரிக்கக் கதிரியல் ஆய்விதழ் ஒன்றில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிரென்னரும் உடனாளர்களும் ஒரு கணக்கை வெளியிட்டனர். அமெரிக்காவில் ஆண்டுதோறும் 15 வயதுக்குட்பட்டோருக்கு எடுக்கப்படும் ஏறத்தாழ 6 லட்சம் தலை, வயிற்று ஸ்கேன்களின் விளைவாக 500 பேர் தம் வாழ்நாளில் புற்றுநோயால் இறக்கக்கூடும் என்பது அவர்களுடைய உத்தேச மதிப்பீடு. அதே இதழில் வந்த வேறொரு கட்டுரை, குழந்தைகளுக்கான ஸ்கேன்களில் உடற்பருமனுக்கேற்ப அமைப்புகள் மாற்றப்படாமலே இருந்ததைக் காட்டியது. கணக்கைவிட இந்த இரண்டாம் செய்திதான் கதிரியல் துறையை அதிகம் உறுத்தியது. கணக்கோடு வாதிடலாம், கவனக்குறைவோடு வாதிட முடியாது. 2008-இல் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற பெயரில், குழந்தைகளை மென்மையாகப் படமெடுக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கப்பட்டதன் பின்னணி இதுவே.

கதிரைக் குறைத்தால் படம் ஏன் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள மழையைப் பார்த்தால் போதும். தோட்டத்து வீட்டின் சிமெண்டு முற்றத்தில் மழை விழத் தொடங்கும்போது தரை திட்டுத்திட்டாகவே நனைகிறது. ஓர் இடத்தில் நாலு துளி விழுந்திருக்கும், பக்கத்தில் ஒன்றுகூட விழுந்திராது. நன்றாகப் பெய்தபின் தரை ஒரே சீராக நனைந்துவிடுகிறது. எக்ஸ்ரேயும் துளித்துளியாக வந்து விழுவதே. ஓர் இடத்தில் சராசரியாக 100 துளி விழவேண்டுமென்றால், அங்குமிங்கும் 90-ஆகவும் 110-ஆகவும் மாறுவது இயற்கை. அதாவது ஏற்றத்தாழ்வு நூற்றுக்குப் பத்து. துளிகளை 25-ஆகக் குறைத்தால் ஏற்றத்தாழ்வு ஐந்து துளிதான், ஆனால் இருபத்தைந்தில் ஐந்து என்பது நூற்றுக்கு இருபது. இந்த ஏற்றத்தாழ்வு படத்தில் மணல் தூவியதுபோன்ற பொரியாகத் தெரிகிறது. காதுக்கு எட்டாத ஒன்றேயாயினும், வானொலியின் கரகரப்பை ஒத்திருப்பதால் துறையினர் இதற்கு ‘இரைச்சல்’ என்றே பெயரிட்டுள்ளனர். கதிரைப் பாதியாக்கினால் இரைச்சல் இரண்டு மடங்காகிவிடாது, ஏறத்தாழ 41 விழுக்காடு மட்டுமே கூடும். ஆனால் இரைச்சலைப் பாதியாக்க விரும்பினால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். கண்ணுக்கு இனிய படத்தின் விலை இவ்வளவு செங்குத்தாக ஏறுவதனால், அழகான படத்தைத் தேடிப் போகிறவர் கதிரை வாரி இறைக்க நேரிடுகிறது.

குழந்தையின் உடல் இந்தக் கணக்கில் ஒரு சலுகையையும் ஒரு சிக்கலையும் சேர்க்கிறது. சி.டி.யில் பயன்படும் கதிர் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தசையைக் கடக்கும்போதெல்லாம் பாதியாகிறது. எனவே வளர்ந்த ஒருவரைவிட 16 சென்டிமீட்டர் மெலிந்த குழந்தையின் வயிற்றினூடே, அதே அளவு கதிர் பாய்ச்சப்பட்டால், பதினாறு மடங்கு கதிர் மறுபுறம் வந்து சேரும். அத்தனையும் தேவையற்ற கதிர், குறைத்துக்கொள்ளலாம் என்பது சலுகை. சிக்கல் என்னவென்றால், குழந்தையின் உறுப்புகள் சிறியவை, அவற்றுக்கிடையே கொழுப்பும் மிகக் குறைவு. வளர்ந்தவரின் வயிற்றில் கொழுப்பே ஒவ்வொரு உறுப்பையும் சுற்றிக் கோடு கிழித்ததுபோல் பிரித்துக் காட்டுகிறது. குழந்தையின் குடலும் நிணநீர்க் கணுக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால், சற்று இரைச்சல் கூடினாலும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகையால் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்க எந்த மருத்துவமனையும் துணிவதில்லை, துணியவும் கூடாது.

எதைப் பார்க்கவேண்டும் என்பதைப் பொறுத்து எவ்வளவு இரைச்சலைத் தாங்கலாம் என்பது எப்படி மாறுகிறதென்று இங்கே சற்று நின்று பார்ப்பது பயன்தரும். சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் ஓர் எண் தரப்படுகிறது. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1000. மூளையின் சாம்பல்நிறப் பகுதி 35 முதல் 40 வரையிலும், வெண்ணிறப் பகுதி 25 முதல் 30 வரையிலும் இருக்கும். அப்போதுதான் கசிந்து உறைந்த இரத்தம் 50-க்கும் 80-க்கும் இடையே நிற்கும். ஆக, மூளையின் மீது மெல்லிய படலமாகப் படிந்துள்ள இரத்தக் கசிவைக் கண்டுபிடிப்பதென்பது, ஆயிரக்கணக்கான படிகள் உள்ள ஏணியில் பத்திருபது படி வித்தியாசத்தைப் பிடிப்பதற்கு ஒப்பாகும். அங்கே இரைச்சலை அனுமதிப்பது ஆபத்து. நுரையீரலிலோ, காற்று நிறைந்த பகுதி கழித்தல் 800-ஐ ஒட்டி இருக்க, அதில் தோன்றும் கட்டியோ சளித் திரளோ சுழியத்துக்கு அருகே இருப்பதால், பொரிப்பொரியான படத்திலும் அது பளிச்சென்று தெரியும். எலும்பும் அப்படியே: மண்டையோட்டின் மூட்டுகள் குழந்தைப் பருவத்திலேயே மூடிக்கொண்டனவா என்று அறிவதற்கு மூளையின் நுட்பம் தேவையில்லை.

ஐரோப்பிய ஆணையம் 2018-இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டி அளவுகள் இதை எண்ணாகவே காட்டுகின்றன. தலை ஸ்கேனுக்கு, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 24, ஒரு வயதுக்குள் 28, ஒன்று முதல் ஆறு வயது வரை 40, அதற்கு மேல் 50 மில்லிகிரே; மார்பு ஸ்கேனுக்கு, 5 முதல் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 1.8 மில்லிகிரே. (உடல் உள்வாங்கும் கதிராற்றலின் அலகு கிரே, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே.) தலைக்கும் மார்புக்கும் இந்த எண்கள் வெவ்வேறு பருமனுள்ள பிளாஸ்டிக் உருளைகளில் அளக்கப்படுவதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பது சரியாகாது, அதற்கெனப் பாதியைத் தள்ளிவிட்டாலும் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. தலையில் நீர் கோத்து, அந்த நீரை வயிற்றுக்கு வடிக்கும் மெல்லிய குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகள் இந்த விஷயத்தில் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். குழாய் அடைத்துக்கொண்டதோ என்று ஐயம் எழும்போதெல்லாம் அவர்களுக்கு ஸ்கேன் எடுக்க நேர்வதால், சிலருக்குப் பள்ளி செல்லும் வயதுக்குள்ளேயே பல ஸ்கேன்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி, மூளைக்குள் இருக்கும் நீரறைகள் முன்பைவிட விரிந்துள்ளனவா என்பது மட்டுமே. நீர் கறுப்பாகவும் மூளை சாம்பலாகவும் தெரியும் அளவுக்கு ஒரு மங்கல் படம் போதும். வழக்கமான தலை ஸ்கேனின் கதிரில் ஒரு பகுதியைக் கொண்டே அதை எடுத்துவிடலாம். கதிரே இல்லாத எம்.ஆர்.ஐ. கிடைக்குமிடத்தில், சில நிமிடங்களில் முடியும் விரைவு எம்.ஆர்.ஐ. இன்னும் மேலானது.

ஸ்கேன் அறைக்குள் நடப்பவற்றில் சில நுணுக்கங்கள் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. குழந்தை படுக்கவைக்கப்பட்டதும், சிவப்பு லேசர்க் கோடுகள் அதன் மார்பின் மீதும் விலாவின் மீதும் விழும். அவை சந்திக்கும் இடம் வளையத்தின் நடுவே வருமாறு படுக்கையை ஏற்றி இறக்குவது ரேடியோகிராபரின் முதல் வேலை. பிறகு ஒரு முன்னோட்டப் படம் எடுக்கப்படுகிறது. அதைப் பார்த்து, உடல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று இயந்திரம் தானே மதிப்பிட்டு, தோளில் கூட்டியும் மார்பில் குறைத்தும் கதிரைச் சீர்செய்துகொள்கிறது. படுக்கையின் உயரம் சில சென்டிமீட்டர் தவறிவிட்டால் முன்னோட்டப் படத்தில் குழந்தை இருப்பதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றும். இயந்திரமும் ஏமாந்து கதிரை அள்ளிக் கொட்டும், அல்லது கஞ்சத்தனம் செய்து படத்தைக் கெடுக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமானாலும், படுக்கையை நடுவில் நிறுத்தும் கையை நம்பித்தான் இருக்கிறது.

ஸ்கேன் முடிந்ததும் திரையில் தெரியும் கதிரளவு எண்ணும் குழந்தை பெற்ற அளவன்று. அது 16 அல்லது 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளையொன்று அதே அமைப்பில் எவ்வளவு பெற்றிருக்கும் என்பதைச் சொல்லும் எண். பெரிய உருளையின் கணக்கில் காட்டப்படும்போது, கைக்குழந்தையின் வயிறு உண்மையில் பெற்றது அந்த எண்ணைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருக்கக்கூடும். இதைச் சரிசெய்ய, உடலின் அகலத்தைக் கொண்டு பெருக்கிப் பார்க்கும் அட்டவணைகளை அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-இல் வெளியிட்டது. ஈயக் கவசத்தைப் பற்றிய எண்ணமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் குழந்தையின் இடுப்பின் மேல் ஈயத் துணி போர்த்துவது அக்கறையின் அடையாளமாக இருந்தது. அது படமெடுக்கும் எல்லைக்குள் வந்துவிட்டால் தானியங்கி அமைப்பைக் குழப்பி கதிரைக் கூட்டிவிடும் என்பதால், அதே சங்கம் 2019-இல் இனவிருத்தி உறுப்புகளுக்கு வழக்கமாகக் கவசமிடுவதைக் கைவிடலாம் என்று அறிவித்தது. குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கும் தாய்க்கோ தந்தைக்கோ ஈய ஆடை கட்டாயம். கருவுற்றிருக்கும் தாய் உள்ளே நிற்கக் கூடாது.

அசைவு கெடுக்கும் படத்தை எவ்வளவு கதிர் பாய்ச்சினாலும் மீட்க முடியாது. ஆதலால் கைக்குழந்தைக்குப் பாலூட்டி, துணியால் இறுகச் சுற்றி, தூங்கவைத்து எடுப்பதே பல இடங்களில் மயக்கமருந்துக்கு மாற்றாகக் கைக்கொள்ளப்படுகிறது. வேகமான இயந்திரங்களில் ஸ்கேன் சில நொடிகளில் முடிந்துவிடும். குழந்தையைத் தூங்கவைக்கும் அரைமணி நேரத்தை ஒதுக்கித் தர மருத்துவமனைக்கு மனமிருக்க வேண்டும், அவ்வளவே. கணினியின் பக்கம் சொல்வதென்றால், இரைச்சலைக் கணித்து வடிகட்டும் புதிய மறுஆக்க முறைகள் கதிரளவைப் பெரிதும் குறைக்க உதவியுள்ளன. ஆனால் அளவுக்கு மீறி வடிகட்டிய படம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகி, பார்வைக்கு நன்றாக இருந்தும், மெல்லிய வேறுபாடுள்ள சிறு புண்ணை விழுங்கிவிடும்.

ஆபத்து எவ்வளவு என்ற கேள்விக்கு இன்று பிரென்னரின் காலத்தைவிட உறுதியான விடைகள் உண்டு. பிரிட்டனில் ஸ்கேன் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2012-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் தோன்றலாம் என்று மதிப்பிட்டது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேரை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வும், இன்றைய கதிரளவில் 10,000 குழந்தைகளுக்கு ஒன்று முதல் இரண்டு இரத்தப் புற்றுநோய் என்ற அளவையே பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் கணித்தது. ஏற்கெனவே நோயிருந்ததால்தான் சிலருக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது என்ற சிக்கல் இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் உண்டு. குழந்தை என்றாலே எல்லாப் புற்றுநோய்க்கும் கூடுதல் இலக்கு என்பதும் சரியன்று: ஐ.நா.வின் அணுக்கதிர்வீச்சு அறிவியல் குழு 2013-இல் வகைப்படுத்தியபடி, இரத்தம், தைராய்டு, மார்பகம், மூளை உள்ளிட்ட ஏறத்தாழ கால்பங்கு புற்றுநோய் வகைகளில் குழந்தைகள் பெரியவர்களைவிட மென்மையானவர்கள். நுரையீரல் போன்ற சிலவற்றில் நிலைமை நேர்மாறானது. பத்தாயிரத்தில் ஒன்று என்பது, மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் குழந்தையின் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதற்கு ஒருபோதும் காரணமாகாது. தேவையே இல்லாத ஸ்கேனைத் தவிர்ப்பதற்கு அது போதுமான காரணம்.

அந்தத் தேவை எது என்பதில்தான் வட சிலாங்கூரின் புவியியல் குறுக்கிடுகிறது. தலையில் அடிபட்டு வந்த 42,412 குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009-இல் வெளியிடப்பட்ட விதிகள், யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்பதைக் கேள்விகளாலேயே பிரிக்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையானால்: நினைவு மங்கியுள்ளதா, நெற்றியைத் தவிர வேறிடத்தில் தலை வீங்கியுள்ளதா, ஐந்து நொடி அல்லது அதற்கு மேல் மயங்கியதா, மண்டையோட்டில் உடைவு கைக்குத் தட்டுப்படுகிறதா, குழந்தை வழக்கம்போல் இல்லை என்று பெற்றவர்கள் சொல்கிறார்களா, விழுந்த உயரம் மூன்றடிக்கு மேலா. எந்த அறிகுறியும் இல்லையென்றால் கவலைக்குரிய மூளைக்காயம் இருப்பதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. ஏணையிலிருந்து விழுந்த குழந்தைக்கும், தந்தையின் மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து வந்து சாலையில் தூக்கியெறியப்பட்ட குழந்தைக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேள்விகளிலேயே தெளிந்துவிடும். ஏணை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டிருந்தது என்று கேட்டறிவது அற்ப விசாரணையன்று; அது மருத்துவக் கேள்வி.

இடைநிலையில் நிற்கும் குழந்தைகளுக்கு அந்த விதிகள் ஸ்கேனுக்குப் பதிலாகச் சில மணி நேரக் கண்காணிப்பையும் ஏற்கின்றன. நகரத்தில் இது எளிது. விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆட்கணக்கெடுப்புக்கு) போகவேண்டிய தாயும், தார்ச்சாலைக்கு வருவதற்கே செம்மண் பாதையில் வெகுதூரம் கடக்கவேண்டிய வீடும் உள்ள இடத்தில், “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுத்தால் திரும்பக் கொண்டுவாருங்கள்” என்று சொல்லி அனுப்ப மருத்துவருக்கு மனம் வராது. 2011-இல் திறக்கப்பட்ட லதார் விரைவுச்சாலை ஈஜோக்கை நகரத்துக்கு நெருக்கமாக்கியது உண்மை. அதில் ஏறுமிடத்துக்கு வந்துசேரும் நேரத்தை அது குறைக்கவில்லை. தூரமே ஸ்கேனை நோக்கித் தள்ளுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ஓர் இரவு தங்கவைத்துத் தாதியர் மணிக்கொரு முறை எழுப்பிப் பார்ப்பது, அதற்குக் கதிரில்லாத மாற்று. ஒரு கட்டில் காலியாக இருப்பதும் கதிர்ப் பாதுகாப்பில் சேரும்.

மலேசியாவில் மருத்துவக் கதிர்ப் பயன்பாடு 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் கண்காணிப்பில் வருகிறது. 2013-இல் அமைச்சு நாட்டுக்கான வழிகாட்டிக் கதிரளவுகளை வெளியிட்டது. வழிகாட்டி அளவு என்பது எல்லைக்கோடன்று. பல மருத்துவமனைகளின் அளவுகளை வரிசைப்படுத்தி, நான்கில் மூன்று பங்கு அதற்குக் கீழே நிற்கும் புள்ளியைக் குறிப்பது. தமிழ்நாட்டிலும் இவ்வகை அளவீடு நடந்துள்ளது: வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ரோஷன் லிவிங்ஸ்டன் பங்கேற்று மாநிலம் முழுதும் நூற்றுக்கும் மேற்பட்ட சி.டி. இயந்திரங்களை நேரில் அளந்த ஆய்வு 2011-இல் வெளியானது. கோல சிலாங்கூர் மாவட்டத்துக்குள்ளேயே பூஞ்சாக் ஆலாமில் இருக்கும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் கதிர்ப்படவியல் மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது. செம்பனைக் காடு சூழ்ந்த அந்த வளாகத்தில் கற்றவர்களிடமே வருங்காலத்தில் இந்தக் குழந்தைகள் படுக்கவைக்கப்படுவார்கள்.

எல்லாவற்றையும்விட மலிவான கதிர்க்குறைப்புக் கருவி பரிந்துரைக் கடிதம். “தலை ஸ்கேன் தேவை” என்று மட்டும் எழுதிய தாளைப் பெறும் ரேடியோகிராபர், எதையும் தவறவிடக் கூடாதென்று முழு அளவுக் கதிரையே தேர்வார். அது அவர் குற்றமன்று. “நீர்வடி குழாய் உள்ள குழந்தை, நீரறைகளின் அளவை முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும்” என்று எழுதிய தாள் வந்தால் அவர் தாழ்ந்த அமைப்புக்கு மாற முடியும். முந்தைய படம் வேறு மருத்துவமனையில் எடுக்கப்பட்டு, அதைப் பதிந்த வட்டு வீட்டிலேயே தங்கிவிட்டாலோ, அல்லது வட்டு வந்தும் கணினியில் திறக்காவிட்டாலோ, அதே ஸ்கேன் மறுமுறை எடுக்கப்பட்டு, இயந்திரத்தில் நுணுகி நுணுகிச் சேமித்த கதிரெல்லாம் ஒரே நிமிடத்தில் செலவாகிவிடும். குழந்தையின் தடுப்பூசிகளைக் குறித்துவைக்கும் சுகாதாரப் பதிவேடு ஏறத்தாழ எல்லாத் தோட்டத்து வீடுகளிலும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் தாய் அதைக் கையோடு எடுத்துச் செல்கிறாள். ஸ்கேன் எடுத்த தேதி, மருத்துவமனை, உடற்பகுதி ஆகிய மூன்றையும் எழுத அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போதும்.